வெயிலில் பல்லிளித்த திரை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி நலம், நான் நலம், என் கண் மட்டும் நலமில்லை. அதற்கு முழுப் பொறுப்பும் நீதான்.

தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கும் எங்கள் ஆட்களுக்குக் கைக்கருவி வாங்கப்போகிறார்கள், எந்தத் திரை தோது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, சரியாகச் சொன்னால் எனக்கு மேற்பார்வையாளர் நாற்காலி, சொதப்பினால் ஓய்வு பெறும்வரை வெயில்தான் என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நீ என்ன செய்தாய்? உன் கடைக்குள் டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு பளபளப்புத் திரையைக் காட்டி, "கண்ணாடி மாதிரி இருக்கும்ணே" என்றாய். வாஸ்தவம், கண்ணாடியேதான். வெயிலில் பிடித்தால் எண் ஒன்றும் தெரியவில்லை, என் மூக்கு முடி தெரிந்தது. வேறு வழியில்லாமல் தலையையும் கருவியையும் துண்டால் மூடிக்கொண்டு ஒரு வீட்டு மீட்டர் குழியில் குனிந்தேன். மாடியிலிருந்து அந்த வீட்டம்மா, "யாருய்யா அது? முக்காடு போட்டுக்கிட்டு எங்க குழியில என்ன தேடுற?" என்று கத்த, நான் பதில் சொல்லுமுன் ஒரு வாளித் தண்ணீர் முதுகில் விழுந்தது. அந்தத் தண்ணீரும் மீட்டரில் ஏறியிருந்தது. அதையும் நானே குறித்துக்கொண்டேன்.

சரியென்று நீ கொடுத்த இரண்டாவதை எடுத்தேன். காகிதம் போல மங்கலான திரை, வெயில் ஏற ஏறத் தெளிவு. மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டரிடம் போனதும் செத்துப்போயிற்று. அதற்குச் சொந்த வெளிச்சமே கிடையாதாம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குறித்தேன். குடியிருப்பவர் வந்து, "இந்த மாசம் எவ்வளவு சார்?" என்றார். என் பதில் டார்ச்சுக்கு மட்டும்தான் புரிந்தது. "குடிச்சிருக்காரு போல" என்று அவர் மனைவியிடம் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

இதிலேயே சின்ன விளக்கு வைத்தும் வருகிறதாமே, அதை ஏன்டா காட்டவில்லை? நாளை அதிகாரியிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன். உன் பளபளப்பை வாங்கினால் எங்கள் ஆட்கள் என்னைக் குழியிலேயே வைத்து மூடிவிடுவார்கள். நாற்காலி போனாலும் போகட்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு யோசித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
முதுகு இன்னும் காயாத
உன் அண்ணன்

பின்குறிப்பு: அதிகாரி தன் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டையும் பார்த்தார். பளபளப்பில் தலையைக் கோதிக்கொண்டு, "இதுதாம்ப்பா தெளிவா இருக்கு, நீ என்ன சொல்ற?" என்றார். "நானும் அதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றேன். நாற்காலி வந்துவிட்டது, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடு. அருமையான திரை, தம்பி. இங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் முத்துமுத்தாகத் தெரிகிறது. முப்பது அனுப்பு.