உறிஞ்சிச் சாமி

செவ்வாய், வெள்ளி என்றால் எடப்பாடியில் பாதித் தறி நின்றுவிடும். மின்வெட்டு என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு உறிஞ்சிச் சாமி உட்காருகிறார்.

இருமுகிற பெண்களின் நெஞ்சில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். யாரோ சோற்றில் கலந்து கொடுத்த இடுமருந்து, மயிரும் சாம்பலுமாய் உருண்டு, அவர் வாய்வழியே தட்டில் விழும். சோறு வயிற்றுக்குப் போகிறது, மருந்து மட்டும் எப்படி நெஞ்சுக்குப் போனது என்று கேட்காதீர்கள். கேட்டால் பக்தி கெட்டுவிடும்.

ஆண்களுக்கு உறிஞ்ச மாட்டார். ஆண் இருமினால் பீடி. அவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெண் இருமினால் இடுமருந்து. இருமுவது மாமியார் என்றால் வைத்தது மருமகள். இருமுவது மருமகள் என்றால் வைத்தது மாமியார். எவ்வளவு சுலபமான மருத்துவம்! நுரையீரல் புற்றுநோய் ஆண்களோடு நிற்கவில்லை, புகைக்காத பெண்களிடமும் கூடிவருகிறது என்று டாக்டர்கள் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். கூடட்டுமே, சாமியின் பங்களாவுக்கு இன்னொரு மாடி கட்டப் பாக்கியிருக்கிறது.

கந்தம்மாள் மாதக்கணக்கில் இருமினாள். சளியில் ரத்தம் வந்தது. புற்றுநோயோ என்று பார்க்க டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். புருஷன் நாச்சிமுத்து சிரித்தார்.

"பீடி குடிக்கறது நானு. அவளுக்கு எப்புடி அந்த நோவு வரும்? ஆரோ மருந்து வெச்சிருக்குது."

'ஆரோ' என்றபோது அவர் பார்வை மருமகள் ரஞ்சனி மேல் இருந்தது.

"சாமி மருந்த எடுக்கட்டும். அப்பறம் நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிரோணும்."

"செரிங்க மாமா. சாமிகிட்ட நானும் கூட வாரேன்" என்றாள் ரஞ்சனி.

வெள்ளிக்கிழமை. சாமியின் கொட்டகை நிறையக் கூட்டம். கந்தம்மாள் பாயில் மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். உறிஞ்சி முடிக்கும் வரை சாமிக்கு மௌன விரதம் என்று சீடன் சண்முகவேல் அறிவித்தான். ரஞ்சனி ஒரு சொம்புத் தண்ணீரோடு எழுந்தாள்.

"காத்தாலருந்து உறிஞ்சறீங்க, தொண்ட காஞ்சிருக்கும். ஒரு வாய் குடிச்சுட்டு எடுங்க சாமி."

சாமி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"விரதமுங்க" என்றான் சண்முகவேல்.

"விரதம் பேச்சுக்குத்தானுங்களே. தண்ணிக்குமா?"

"குடிங்க சாமி, புள்ள ஆசையாக் குடுக்குது" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பிறகு எல்லோரும் சொன்னார்கள். பக்தர்களை எப்படிப் பகைத்துக்கொள்வது? சாமி ஒரு கன்னத்தை இறுக்கிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தார். புரையேறியது. கண் பிதுங்க இருமினார். மயிரும் சாம்பலுமாய் ஓர் உருண்டை பறந்துபோய் நாச்சிமுத்துவின் வேட்டியில் விழுந்தது.

"அத்தை மேல இன்னும் கொழாயே வெக்கலீங்களே" என்றாள் ரஞ்சனி.

"காத்து வழியா வந்துருச்சு" என்றார் சாமி. விரதம் போயே போய்விட்டது.

"அப்ப இன்னொருக்கா எடுங்க. வாயக் கொப்பளிச்சு, எல்லாருக்கும் தொறந்து காட்டீட்டு எடுங்க."

கொப்பளித்து வருவதாகச் சாமி பின்பக்கம் போனார். கார் கிளம்பும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் சேலத்தில் ஸ்கேன். இடது நுரையீரலில் கட்டி. முன்பே வந்திருந்தால் வைத்தியம் எளிதாக இருந்திருக்கும் என்று டாக்டர் வருத்தப்பட்டார். வீட்டில் யார் புகைப்பது என்றும் கேட்டார்.

நாச்சிமுத்து மடியிலிருந்த பீடிக்கட்டை உள்ளே தள்ளிக்கொண்டார். கந்தம்மாள்தான் சொன்னாள்.

"இவருதானுங்க. ஊட்டுக்குள்ள, என்ற பக்கத்துல உக்காந்துதான் குடிப்பாரு."

"அந்தப் புகையாலயும் வரலாம்மா" என்றார் டாக்டர்.

"ஏனுங்க மாமா," ரஞ்சனி மெதுவாகக் கேட்டாள், "இப்ப ஆரு அவிங்கம்மா ஊட்டுக்குப் போறதுங்க?"

புகைக்கு ஆண், பெண் தெரியாது. அது நமக்குத்தான் தெரிகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருமிக்கொண்டிருந்தால், மருமகளை முறைப்பதை நிறுத்திவிட்டு மூளைக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள். அதை எந்தச் சாமியும் இன்னும் உறிஞ்சிவிடவில்லை என்றால்.