பருத்திக் காட்டில் ஆதி சமுத்திரம்

சேலம் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது என்பது பூகோளப் புத்தகம் எழுதியவர்களின் அவசரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, பஞ்சு ஆலை முதலாளி செல்லமுத்துவின் பருத்திக் காட்டில் சாட்சாத் ஒரு சமுத்திரம் இருந்தது. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் இருந்தது. அதை அங்கே கொண்டுவந்து சேர்த்த பெருமை முழுக்க அவரையே சாரும்.

பழைய கலெக்டர் துரை புலி சுட்டார். ஜில்லாவே புலி தேடியது. புதிய துரை நத்தைக்கல் சேர்த்தார். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் செத்து, சேற்றில் புதைந்து, இரும்பும் கந்தகமும் ஏறிப் பொன்னாக மினுங்கும் சுருள் நத்தை. செய்தி பரவிய வாரத்திலேயே பெரிய மனிதர்கள் அனைவருக்கும் 'விஞ்ஞான தாகம்' எடுத்துவிட்டது. செல்லமுத்துவுக்குச் சற்று அதிகமாகவே எடுத்தது. கலெக்டர் சிபாரிசில் சர்க்கார் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டம் மூன்று தடவை அவர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போயிருந்தது.

கிணறு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரியான உண்ணாமலையிடம் அப்படிப்பட்ட கற்கள் பன்னிரண்டு இருந்தன. பெரம்பலூருக்குக் கிழக்கே கிணறு வெட்டப் போனபோது கருங்களியில் கிடைத்தவை. பார்க்க அழகாக இருந்ததால் விளக்கெண்ணெய்ச் சட்டியில் போட்டு வைத்திருந்தாள். செல்லமுத்து இரண்டு சேலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

"சாமி, இதுக்குத் தண்ணி ஆகாதுங்க. மொதல்ல எடுத்ததெல்லாம் மழையில நனைஞ்சு பொடியாப் போச்சு. எண்ணெயிலயே கெடக்கோணுமுங்க."

"கடல்ல பொறந்த பண்டத்துக்குத் தண்ணி ஆகாதா?" என்று சிரித்தார் செல்லமுத்து.

"பொறந்தப்ப அது உசுரோட இருந்துச்சுங்களே!"

துரை வந்தார். தமிழ்ப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர். கற்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "இவை எவ்விடத்தில் அகப்பட்டன?"

செல்லமுத்துவின் நாக்கில் பெரம்பலூர் வந்து நின்றது. ஆனால் பெரம்பலூர் திருச்சி ஜில்லா. பட்டமும் அந்த ஜில்லாவுக்கே போய்விட்டால்? "நம்ம காட்டுலதானுங்க" என்றார்.

"இங்கேயா? இவ்வூர்ப் பாறைகள் உயிர்கள் தோன்றுவதற்கும் முன்னே உண்டானவை என்றல்லவா நூல்கள் கூறுகின்றன!"

"நூல் எழுதினவங்க நம்ம காட்டுப் பக்கம் வந்ததில்லீங்க."

துரை அன்றே இந்த அதிசயத்தைத் தம் பெயர் போட்டுக் கட்டுரையாக லண்டனுக்கு அனுப்பினார். பிறகு மேட்டூர் அணை வேலையைப் பார்வையிடப் போனார்.

கற்களைப் பாதுகாக்க 'ஆதி சமுத்திர ஆராய்ச்சிச் சங்கம்' உதயமாயிற்று. அங்கத்தினர் ஐவர். தலைவர் செல்லமுத்து, மற்ற நால்வரும் அவருடைய ஆலையில் வேலை பார்ப்பவர்கள், ஆகவே கருத்து வேற்றுமைக்கு இடமில்லாமல் விஞ்ஞானம் வளர்ந்தது. கடலில் பிறந்த ஜந்துக்களை எண்ணெயில் ஊறவைப்பது 'பாமர முறை' என்று கண்டித்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஒரு மாதம் கழித்துத் துரை திரும்பி வந்தபோது தொட்டியில் பொன் இல்லை. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பொடியும், தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வீசுகிற வாடையும் இருந்தன. செல்லமுத்து பொடியைக் கைவிட்டுத் துழாவிப் பார்த்தார். துரைதான் முதுகில் தட்டித் தேற்றினார்.

"வருந்தற்க. உமது நிலத்தில் இன்னும் ஆயிரம் இருக்குமே! நாளையே தோண்டுவோம்."

வீட்டில் செல்லமுத்துவின் மனைவி சௌந்திரம் கேட்டாள்: "ஏனுங்க, காய் வெடிக்கற சமயத்துல காட்ட வெட்டறதுங்களா? பேசாம நெசத்தச் சொல்லிப்போட்டு வாங்க."

"சொன்னாப் பட்டம் போயிரும் சௌந்திரம்."

"சொல்லாட்டிக் காடு போயிருமுங்க!"

நிஜத்தைச் சொல்லத்தான் துரை தங்கியிருந்த முகாமுக்குப் போனார். துரை கையைப் பிடித்துக் குலுக்கி, "வாரும், வருங்கால ராவ் சாகிப்!" என்றார். அந்தக் குலுக்கலில் நிஜம் தொண்டையிலிருந்து வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

வெட்ட வந்தது உண்ணாமலையின் கூட்டம். வெடித்தும் வெடிக்காத பருத்திச் செடிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டார்கள். ஒவ்வொரு செடியையும் செல்லமுத்து வரப்பில் நின்று எண்ணினார்.

"இங்க என்னத்தத் தேடறதுங்க, சாமி?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"நத்தை."

"அது பெரம்பலூர்ல இல்லீங்..."

"வாய மூடிட்டு வெட்டு, புள்ள!"

வெட்டினார்கள். முதலில் செம்மண், பிறகு சுக்கான்கல், பதினெட்டடியில் பாறை. கடப்பாறை பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது. நத்தையின் நிழல்கூட இல்லை. இருபதாம் நாள் துரை தாமே ஏணி வைத்துப் பள்ளத்துக்குள் இறங்கினார். மண்கூடையோடு நின்ற உண்ணாமலையைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மணி, நத்தைகள் எங்கே உள்ளன?"

இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. பளிச்சென்று பதில் சொன்னாள்: "பெரம்பலூருக்குக் கெழக்கீங்க. நாந்தான் எடுத்தாந்து சாமிகிட்டக் குடுத்தனுங்க."

துரை மேலே பார்த்தார். மேலே வரப்பில் செல்லமுத்து நின்றார். பட்டம், பருத்தி, மானம் மூன்றும் ஒன்றாகப் போயின என்று கண்ணை மூடிக்கொண்டார். துரையோ லண்டனில் இந்நேரம் அச்சாகியிருக்கும் தம் கட்டுரையை நினைத்துக்கொண்டார்.

"பாவம், விவரம் அறியாத பெண்" என்றார் துரை.

"ஆமாங்க, ஆமாங்க!" என்றார் செல்லமுத்து, கண்ணைத் திறந்து.

கடலின் எஞ்சிய சான்றுகள் அந்தத் தொட்டியிலேயே கரைந்துவிட்டன என்று துரை அறிக்கை எழுதினார். இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாள் பட்டப் பட்டியலில் 'அறிவு வளர்ச்சிக்காகத் தம் விளைநிலத்தை ஈந்த' செல்லமுத்து ராவ் சாகிப் ஆனார். மேளம், மாலை, பந்தல் எல்லாம் அமர்க்களப்பட்டன. விவரம் அறியாத உண்ணாமலைக்கும் விஞ்ஞானம் ஒரு சேவையை ஒதுக்கியிருந்தது: பள்ளத்தை மூடுவது.

மண்ணைத் தள்ளிக்கொண்டே அவள் தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தாள்: "குழி வெட்டறப்ப பொய் சொன்னவரு ஒருத்தரு, மூடறப்ப ரெண்டு பேரு. பருத்திதான் போச்சு, இந்தக் காட்டுல பொய்யாச்சும் ஒண்ணுக்கு ரெண்டா வெளைஞ்சுதே!"