கம்பஸ் வெள்ளி

கணிதம் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் பிரச்சினைகள் இருப்பதே, சனங்கள் எங்களிடம் வந்து கேட்காததால்தான் என்று நினைப்போம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது கம்பஸில் மூன்றாம் வருடம். வைத்தியம் நடந்தது ஒரு சனிக்கிழமை காலை, முழங்கால் அளவு தண்ணீரில்.

அந்த வருடம் ‘சமூகம்சார் கற்றல்’ என்று ஒரு பாடத்தை எங்கள் தலையில் கட்டினார்கள். கணித மாணவர் ஒருவரும் சமூகவியல் மாணவர் ஒருவரும் சோடியாக ஊருக்குள் போய், சனங்களின் பிரச்சினை ஒன்றை இரண்டு துறையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். நான் அதை விளங்கிக்கொண்ட விதம்: பிரச்சினையை நான் தீர்ப்பேன், சமூகவியல் பிள்ளை படம் எடுக்கும். எனக்குச் சோடியாக வந்தவள் அட்டாளைச்சேனை றிப்கா. பாவம், அவள் ஒரு குறிப்புப் புத்தகமும் நாலு நிறப் பேனையும் கொண்டுவந்திருந்தாள்.

பிரச்சினை தேடி நான் தூரம் போகவில்லை. நற்பிட்டிமுனைக்கு அங்கால் ஒரு வாய்க்காலை நம்பி பத்துப் பன்னிரண்டு பேர் வயல் செய்கிறார்கள். பாதிப்பேர் எங்கள் ஊர் முஸ்லிம்கள், மீதிப்பேர் தமிழர்கள். எங்கள் வாப்பாவும் அதில் ஒருவர். அந்தக் கோடைச் சிறுபோகம் தண்ணீர் குறைவு. பயிர் கதிர் கட்டும் குடலைப் பருவத்தில் நின்றது, அந்தக் கிழமை தண்ணீர் பாயாவிட்டால் நெல்லெல்லாம் பதர்தான். வாப்பா சோற்றுக் கோப்பையை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

தண்ணீரைப் பங்கிடுகிறவர் வட்டவிதானை யோகராசா. அவருடைய முறைமை மகா கேவலமானது (அப்போது என் கருத்து). ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளில் வந்து, எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிட்டு, “காக்கா, இண்டைக்கு ராவைக்கு உங்கட முறை” என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். கடதாசி இல்லை, பேனை இல்லை. என்னைப் போன்ற மேதை ஒருத்தி பக்கத்து ஊரில் இருக்கும்போது!

“நான் ஒரு அட்டவணை போடுறன்” என்றேன்.

“முதல்ல ஆக்களோட கதைச்சுப் பார்ப்பமே. நாள், நேரமெல்லாம் அவங்க எப்பிடிச் சொல்றாங்க எண்டு” என்றாள் றிப்கா.

“வெள்ளியை வெள்ளி எண்டுதான் சொல்லுவாங்க. இதுக்கும் ஒரு ஆய்வா?”

(இந்த வசனத்தை அவள் தன் அறிக்கையின் முதல் பக்கத்தில் மேற்கோளாகப் போட்டாள். என் பெயரோடு.)

மூன்று நாள் சோறு தண்ணி மறந்து, காணியின் அளவு, மண்ணின் வகை, வாய்க்காலின் தூரம் எல்லாவற்றையும் சமன்பாட்டுக்குள் போட்டுப் பிழிந்து எடுத்தேன். ஏழு நாள், பகல் ஒரு முறை, ராவு ஒரு முறை. நிறம் நிறமாக அச்சடித்து, லெமினேட் பண்ணி, வாய்க்கால் கட்டுத் தேத்தண்ணிக் கடையில் வியாழன் காலை ஒட்டினேன், ஆளுக்கொரு பிரதியும் கொடுத்தேன். விதானையாரும் அந்தக் கிழமை அதன்படியே மடை திறப்பதாகச் சொன்னார். வியாழன் ராவு: பக்கத்து வயல் தமிழர் அரசரெத்தினம். வெள்ளி ராவு: எங்கள் வாப்பா. சனிக்கிழமை, நெல் சூடடிக்கும் அந்த வயல் களவெட்டியிலேயே எங்கள் விரிவுரையாளர் சேர்மாருக்கும் விவசாயிகளுக்கும் முன்னால் நான் பேசுவதாக ஏற்பாடு. கூடாரம், கதிரை, ‘நீர்ச் சிக்கனத்தில் கணிதம்’ என்று ஒரு பதாகை வேறு.

வெள்ளி காலை வாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

“ராத்திரி நான் வயலுக்குப் போனா அரசரெத்தினமும் வந்து நிக்கிறான். அவன்ட முறையாம். ரெண்டு பேர்ட கையிலயும் உன்ட கடதாசிதான். சண்டை புடிக்க வெக்கமாப் போச்சு, தண்ணிய ஆளுக்குப் பாதியா எடுத்துட்டு வந்தம். வயல்ல பாதி காஞ்சுதான் கிடக்கு.”

“அவருக்கு அட்டவணை வாசிக்கத் தெரியல்ல போல வாப்பா” என்றேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

சனி காலை களவெட்டிக்குப் போனால், களவெட்டியைக் காணவில்லை. குளம் இருந்தது. நடுவில் கூடாரம். கதிரைகள் கால் நனைத்து நின்றன, இரண்டு மிதந்தன. பதாகை ஒரு பக்கம் அவிழ்ந்து, ‘நீர்ச் சிக்கனத்தில்’ மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. சேர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். றிப்கா படம் எடுத்தாள். நான்தான் அந்த வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன், என்ன செய்ய?

“விதானையார், இது என்ன அநியாயம்?” என்று நான் பாய்ந்தேன்.

“பிள்ளை, வெள்ளி ராவு உங்கட வாப்பாட முறை எண்டு நீங்கதானே எழுதினீங்க. நான் மடையைத் திறந்து விட்டன். வயலுக்குத் தண்ணி விடுற காக்காட வக்கடை கட்டிக் கிடந்திருக்கு, ஆளையும் காணல்ல. தண்ணி வாய்க்கால் மேவிக் களவெட்டிக்குள்ள பாய்ஞ்சிட்டு.”

“நான் ஏன் வரணும்? என்ட முறைக்கு நான் வந்துட்டுப் போயிட்டனே!” என்றார் வாப்பா.

“எப்ப வந்தீங்க, மாமா?” என்று றிப்கா மெல்லக் கேட்டாள்.

“வெள்ளி ராவு.”

“நேத்து ராத்திரியா?”

“நேத்து எப்பிடி வெள்ளி ராவு ஆகும்? அது சனி ராவு. வெள்ளி ராவு முந்தாநாள்.”

அரசரெத்தினம் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். எங்களுக்குப் பொழுதுபட்டு மஃரிப் தொழுகையோடு அடுத்த நாள் பிறந்துவிடும். வெள்ளி ராவு என்றால் வெள்ளிக்கு முந்திய ராவு, தமிழ்ச் சனங்களின் வியாழன் ராவு. பால்குடி மறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். அட்டவணை ஒட்டிய அதே வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, ‘இண்டைக்கு வெள்ளி ராவு’ என்று உம்மாவோடு உட்கார்ந்து யாசீன் ஓதியவள் நான். ஓதும்போது ஒரு வெள்ளி, கணக்குப் போடும்போது இன்னொரு வெள்ளி. நாளின் பெயரே இல்லாத விதானையாரின் ‘இண்டைக்கு ராவைக்கு’ ஏன் ஒருநாளும் பிழையாகவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சேர் சேற்றுக்குள் நின்றபடியே சொன்னார்: “சமன்பாடெல்லாம் சரி, பிள்ளை. நாள் எங்க தொடங்குது எண்டு மட்டும் வரையறுக்க மறந்திட்டீங்க.”

எனக்குப் புள்ளி போனதில் அழுகை வரவில்லை. வாப்பா யாரையும் பார்க்காமல் காய்ந்த பக்கத்து வரம்பில் போய்க் குந்தினார், அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அடுத்த முறை வர இன்னும் ஒரு கிழமை. பயிர் அதுவரை தாங்காது.

அரசரெத்தினம் அண்ணன்தான் தண்ணீரை அளைந்துகொண்டு அவரிடம் போனார். “காக்கா, இண்டைக்குப் பகல் என்ட மற்றக் காணிக்கு முறை. அது பள்ளக் காணி, ரெண்டு நாள் தாங்கும். நீங்க எடுங்க. சனி பகல் எண்டா ரெண்டு பேருக்கும் ஒரே பகல்தானே?”

களவெட்டியே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். விதானையார் என் அட்டவணையைக் கழற்றி வந்து, ஒழுகிக்கொண்டிருந்த மடைப் பலகையின் இடுக்கில் மடித்துச் செருகினார். அது தண்ணீரை ஒழுங்காகக் கட்டுப்படுத்தியது அன்றைக்கு மட்டும்தான். நெல் விளைந்தது. றிப்காவுக்கு ஏ, எனக்கு சி.

அதிலிருந்து எங்கள் பக்கத்தில் யாராவது சொன்ன நாளுக்கு வராவிட்டால், “என்ன, கம்பஸ் வெள்ளிக்கு வருவாராமா?” என்பார்கள். நான் இப்போது பாடசாலையில் கணக்கு டீச்சர், என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். என் நிக்காஹ் ஒரு வெள்ளி ராவு நடந்தது. அரசரெத்தினம் அண்ணன் வியாழன் பின்னேரம் குடும்பத்தோடு வந்து, வயிறு நிறையப் புரியாணி சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார். மறுநாள் வெள்ளி பொழுதுபட, அதே உடுப்போடு மீண்டும் வாசலில் நின்றார்.

“என்ன தம்பி, எதையும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?” என்று வாப்பா பதறினார்.

“இல்ல காக்கா, உங்கட மகள்ட கலியாணமெல்லோ. ஒரு நாள் மட்டும் வந்தாப் போதும் எண்டு எப்பிடி நம்புறது?” என்றவர், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மிச்சப் புரியாணி இருக்கா?”