மூக்குக்கு மட்டும் பாஸ்

மூக்கையும் நெஞ்சையும் ஒரே உடம்பில் வைத்தது இயற்கையின் நிர்வாகக் குளறுபடி. அதை 1999இல் திருத்திவைத்த பெருமை எங்கள் பாஸ் கந்தோரையே சாரும். வன்னியை விட்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக அங்கேதான் அனுமதி எடுக்க வேண்டும். விதி எளியது: ஒரு பாஸுக்கு ஒரு வருத்தம், அதாவது ஒரே ஒரு நோய்.

வாசலில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இந்தச் 'சாதனை'க்கு நான் நேரடிச் சாட்சி.

முள்ளிவாய்க்கால் சுசிலா அக்கா ஏழு வயது மகள் கம்சாவோடு வந்தா. பிள்ளை மூச்சு விட்டால் விசில் ஊதியது. டொக்டரின் துண்டில் இரண்டு வருத்தம்: மூக்கில் பீனிசம், நெஞ்சில் மூச்சு இழுக்கும் தொய்வு. வியாழக்கிழமை வவுனியாவில் கிளினிக். தவறினால் இன்னும் மூன்று மாதம் இழுக்க வேண்டியதுதான். இரண்டையும் எழுதிக் கொடுத்து, நானும் கூடவே உள்ளே போனேன்.

பொறுப்பதிகாரி கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொய்வு எண்டு ஆர் எழுதினது? போன மாசம் மேலிடம் எங்களுக்கு அனுப்பின கடிதத்திலயும் இந்தச் சொல்லுத்தான் கிடந்தது."

"அது வேலையில தொய்வு, ஐயா. இது பிள்ளைக்கு" என்றேன்.

"எதெண்டாலும் இந்த மேசையில அந்தச் சொல் வேண்டாம்."

உடனே 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது: கனகலிங்கம், எழுதுவினைஞர் தங்கராசா, ஒரு தட்டு வடை. மூக்கு எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று எல்லை பிரிக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வடைப் பிரச்சினை ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

"அப்ப தொண்டை, ஐயா?" என்று தங்கராசா கேட்டார்.

"அது சூனியப் பிரதேசம். ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை."

தீர்ப்பு வந்தது: மூக்கு போகலாம், நெஞ்சு போகேலாது.

சுசிலா அக்கா மீன் ஏலத்தில் நின்று பழகினவா. "மூக்கு அடைக்கேக்கதான் ஐயா இவளுக்கு இழுக்கிறது. மூக்கைச் சுகமாக்கினா நெஞ்சும் அடங்கும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"நெஞ்சைப் பற்றிக் கதைக்காதேங்கோ, தங்கச்சி."

"சரி, மூக்கை மட்டும் தாங்கோ. நெஞ்சு வீட்டில நிக்கட்டும்."

பாஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்து என்னிடம் சொன்னா: "மூக்குப் போற இடத்துக்கு நெஞ்சு வராமல் விடுமே, தம்பி?"

வவுனியாவில் மூக்குக்கு மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பீனிசம் மாறியது, இழுப்பும் அடங்கியது. கம்சா கந்தோர் வளவில் ஓடித்திரிந்ததைப் பார்த்த தங்கராசா, ஆண்டறிக்கையில் எழுதினார்: 'பாஸ் வழங்காமலே ஒரு நெஞ்சு சுகமாக்கப்பட்டது.'

இப்படிப்பட்ட கந்தோருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கனகலிங்கத்தின் மேசையில் வைத்தேன்.

பெயர்: பாஸ் கந்தோர். வருத்தம்: தொய்வு. வேறொரு வருத்தமும் இல்லை. விதிப்படி பாஸ் தரலாம்.