ஏழாம் கிடங்கின் ரசிகர்

மூன்று ஸ்டார். அதுவும் தன் மனைவியின் ரிப்போர்ட்டுக்கு.

வட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மூன்று ஸ்டார் மஞ்சளாகச் சிரித்தன.

வட்டம் என்பது அவருடைய பெயர் அல்ல. குழாய்களும் குழாய் இணைப்புகளும் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் பதினோரு வருஷமாக ரிப்போர்ட் போர்ட்டலைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். எந்த ஊரில் எவ்வளவு விற்றது, எந்தக் கிடங்கில் என்ன கிடக்கிறது, எந்த லாரி எங்கே படுத்துவிட்டது, எதைக் கேட்டாலும் படமும் எண்ணுமாகக் காட்டும் அந்த இணையப் பக்கங்கள் அவருடைய கைவண்ணம். எதைக் கொடுத்தாலும் வட்டமாகப் போட்டு, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வர்ணம் பூசிவிடுவார். அதனால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் வட்டம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் போர்ட்டலில் ஒரு புது வசதியைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேல் மூலையிலும் ஐந்து ஸ்டார். காலையில் சாம்பல் நிறத்தில் இருக்கும். பிடித்திருந்தால் அழுத்தலாம், மஞ்சளாகும். மறுநாள் புது ரிப்போர்ட், புது ஸ்டார்.

"பயன்படுத்தறவங்க கருத்து நமக்குத் தெரியணும் சார்" என்று மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கினார். தன்னைப் பற்றித் தனக்கு இருக்கும் கருத்து மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் உள்நோக்கம்.

போர்ட்டலில் அவருடைய ரிப்போர்ட் மட்டும் இருபத்தாறு. பன்னிரண்டு நாளில் அவற்றுக்கு விழுந்தது ஒரே ஒரு ஸ்டார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே போட்டது.

மனைவி அதே கம்பெனியில் இரண்டாம் மாடியில், சரக்குப் பிரிவில் இருந்தாள். 'அன்றாட இருப்பு' என்று ஒரு ரிப்போர்ட் தயாரிப்பாள். வட்டம் கிடையாது, வர்ணம் கிடையாது. வெறும் கட்டம். போனால் போகிறது, வீட்டு மனுஷி என்று அவர்தான் போர்ட்டலில் அதற்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்.

யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று போர்ட்டல் குறித்துவைக்கும். பார்த்தார். 'கிடங்கு ஏழு. காலை 9.10.'

சாயங்காலம் மனைவி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஏதோ வானிலைச் செய்தி சொல்வதுபோல் சொன்னார்.

"உன் ரிப்போர்ட்டுக்கு எவனோ மூணு ஸ்டார் போட்டிருக்கான்."

கத்தி நின்றது. "நிஜமாவா? யாரு?"

"ஏழாம் கிடங்கு. ஊருக்கு வெளியில, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கே, அது."

"பாருங்களேன்! அவ்வளவு தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு நம்ம ரிப்போர்ட்டை ஒருத்தர் படிக்கிறாரு!"

"அஞ்சுக்கு மூணுதானே. ஏதோ பாஸ் மார்க்."

"உங்களுக்கு எத்தனை வந்துச்சு?"

வட்டத்துக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுத்தான் அடுப்படியை விட்டு நகர்ந்தார்.

மறுநாளும் ஒன்பது பத்துக்கு மூன்று ஸ்டார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் இரண்டு. அன்று அவருக்குக் கொஞ்சம் பசி எடுத்தது. ஐந்தாம் நாள் மறுபடி மூன்று.

ஆரம்பத்தில் அது தொழில் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் பொறாமைக்கு ஒரே இடத்தில் உட்காரத் தெரியாது. ஒருவன் தினமும் காலையில், கடிகாரம் வைத்தாற்போல், அடுத்தவன் மனைவியின் ரிப்போர்ட்டை மட்டும் தேடி வந்து ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இத்தனைக்கும் அவள் இப்போது காலையில் ஏழே முக்காலுக்கே கிளம்பிவிடுகிறாள்.

"எதுக்கு இவ்வளவு சீக்கிரம்?"

"ஒன்பது மணிக்குள்ள ரிப்போர்ட்டை ஏத்திடணும்ங்க. அவரு வந்து பார்க்கறப்ப இல்லைன்னா நல்லாவா இருக்கும்? டீ நீங்களே போட்டுக்கோங்க."

அவரு! வட்டம் தானே போட்ட டீயைக் குடித்தார். அதுவும் கசந்தது.

அன்றைக்கே போர்ட்டலில் கைவைத்தார். மேல் மூலையில் இருந்த ஸ்டார்களைப் பக்கத்தின் அடி மூலைக்குத் தள்ளினார். அங்கே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் ஒன்பது பத்து. ஐந்துக்கு ஐந்து.

"பார்த்தீங்களா?" மனைவி இரண்டாம் மாடியிலிருந்து போன் பண்ணினாள். "முழு மார்க்! நேத்து தலைப்பு எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணினேன். உடனே கவனிச்சுட்டாரு. எவ்வளவு நுணுக்கமான மனுஷன்!"

வட்டம் அடுத்த வேலையைச் செய்தார். ஸ்டார்களின் சாம்பல் நிறத்தை வெளிறச் செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்டார் என்றே தெரியாது. ஏதோ கறை மாதிரி இருக்கும். இனிமேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேட வேண்டும்.

மறுநாளும் ஐந்து ஸ்டார். கூடவே போர்ட்டல் இன்னொரு கணக்கையும் குறித்துவைத்திருந்தது. அதைப் படித்ததும் வட்டத்தின் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி. கிடங்கு ஏழு, அந்த ஸ்டார்களை இரண்டு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு தடவை அழுத்தியிருந்தது.

நாற்பத்திரண்டு தடவை! கல்யாணமான புதிதில்கூட அவர் மனைவியை ஒரே நாளில் நாற்பத்திரண்டு தடவை பாராட்டியதில்லை. சொல்லப்போனால், மொத்தக் கல்யாண வாழ்க்கையையும் சேர்த்தாலும் எண்ணிக்கை நாற்பத்திரண்டைத் தொடுமா என்பதே சந்தேகம்தான்.

சரி, வாய்விட்டுச் சொல்லட்டும், யோக்கியதை தெரியட்டும் என்று மூன்றாவது மாற்றத்தைச் செய்தார். இனி ஸ்டார் போட்டால் நடுவில், தொட்டு எழுத எழுத்துப் பலகையோடு, ஒரு பெட்டி திறக்கும். 'ஏன் பிடித்தது? காரணம் எழுதவும்.' எழுதி 'அனுப்பு' என்பதை அழுத்தினால்தான் ஸ்டார் ஏறும். காரணம் கேட்டால் பாதிப்பேர் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள், ஸ்டார் எம்மாத்திரம்?

மறுநாள் ஒன்பது பன்னிரண்டுக்குக் காரணம் வந்தது.

'ளளளளளளரரரரபபபபபபபப'

வட்டம் அதை ஒரு தாளில் எழுதி, தலைகீழாகப் படித்தார். எழுத்துகளை எண்ணினார். மனைவியின் பிறந்த தேதியோடு கூட்டிப் பார்த்தார். மத்தியானம் வரை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மனைவிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாருங்க. வார்த்தை வரலை."

"வார்த்தை வராதவன் எதுக்கு எழுதணும்?"

"வார்த்தை வர்றவங்க என்ன எழுதிக் கிழிச்சீங்க? மூணு வருஷமா இந்த ரிப்போர்ட் போடறேன். ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கீங்களா?"

"ஏன், தினமும்தான் திறக்கறேன்!"

"எதுக்கு?"

"அவன் எத்தனை ஸ்டார் போட்டிருக்கான்னு பார்க்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. மனைவி விறுவிறுவென்று இரண்டாம் மாடிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பியது ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில்.

இதோடு போயிருந்தால் புண்ணியம். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் மனைவி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"வட்டம், பிரமாதம்ப்பா உன் ஸ்டார் ஐடியா!" என்றார் மேனேஜர். "நம்ம ரிப்போர்ட்டை ஒருத்தனும் படிக்கிறதில்லைன்னு பதினஞ்சு வருஷமா புலம்பிக்கிட்டிருக்கேன். இப்போ பாரு, ஒரு முத்து கிடைச்சிருக்கு. ஒரு நாள் தவறாம வர்றாரு. ஸ்டாரை எங்கே மாத்தி வெச்சாலும் தேடிப் பிடிக்கிறாரு. காரணம் எழுதச் சொன்னா அதுக்கும் அசரலை. அந்த ஏழாம் கிடங்குக்காரர் யாரு?"

"தெரியலை சார். லாகின்ல கிடங்கு ஏழுன்னு மட்டும்தான் இருக்கு."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அப்படிப்பட்ட ஆளைக் கிடங்குல போட்டு வீணடிக்கக் கூடாது. இங்கேயே மாத்திடலாம். இருப்பு ரிப்போர்ட்டை இவங்களும் அவரும் சேர்ந்து பண்ணட்டும். இவங்க பக்கத்து சீட் காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் சார் இருக்கு" என்றாள் மனைவி, கொஞ்சம் வேகமாகவே.

மேனேஜர் மாற்றல் உத்தரவைக் கையோடு நீட்டினார். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. "நாளைக்குக் காலையில நீயே போய்ப் பேரை எழுதி, கையிலேயே கொடுத்துட்டு வந்துடு."

தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவைத்து, திருடனுக்கு வழிச்செலவும் கொடுத்து அழைத்துவரச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது வட்டத்துக்கு.

மறுநாள் எட்டே முக்காலுக்கு ஏழாம் கிடங்கில் இருந்தார். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தார். எதிரி எப்படி இருப்பானோ, நாம் குறைந்துவிடக் கூடாது. கூரை வரை அடுக்கிய அட்டைப் பெட்டிகள். லாரி ஏற்றுகிறவர்கள் வாசலில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுவரில், ஆள் உயரத்துக்கு, தொட்டால் வேலை செய்கிற பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தது. ஒன்பது மணிக்கு அது தானாகவே விழித்துக்கொண்டு மனைவியின் ரிப்போர்ட்டைக் காட்டியது.

ஆள் வர இன்னும் பத்து நிமிஷம். செய்வதற்கு வேறு வேலை இல்லாததால், வட்டம் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த ரிப்போர்ட்டைப் படித்தார்.

முதல் வரி: 'அரை அங்குல முழங்கை இணைப்பு. இப்போது 340. வியாழக்கிழமையோடு தீரும்.' அடுத்த வரி: 'முக்கால் அங்குல வால்வு. தேவைக்கு மேல் கிடக்கிறது. மூன்றாம் கிடங்குக்கு அனுப்பலாம்.'

வட்டம் இன்னும் பக்கத்தில் போனார். எது முதலில் தீருமோ அது முதலில் வரும்படி அடுக்கியிருந்தாள். எது தீரும், எப்போது தீரும், என்ன செய்ய வேண்டும், எல்லாம் ஒரே பார்வையில். அவருடைய இருபத்தாறு வட்டங்களும் சேர்ந்து பதினோரு வருஷமாக இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முடிந்துபோனதற்கு வர்ணம் அடிப்பதுதான் அவற்றின் வேலை.

இப்போது வந்த பொறாமை வேறு மாதிரி இருந்தது. இவள் இவ்வளவு கெட்டிக்காரி என்பதை முதலில் கண்டுபிடித்தவன் எங்கோ ஒரு கிடங்குக்காரன். ஒரே வீட்டில் இருக்கிற தான் அல்ல.

வரட்டும். வந்தால் சண்டை போடப் போவதில்லை, கைகொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வந்துட்டாரா?"

"இன்னும் இல்லை. இந்தா பாரு... உன் ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு."

"அவரு சொன்னாரா?"

"நான் சொல்றேன். இப்பத்தான் படிச்சேன். அந்த முழங்கை விஷயம்... நான் மூணு வருஷம் முன்னாடியே படிச்சிருக்கணும்."

"சரி, சரி" என்றாள் மனைவி. குரல் இளகியிருந்தது. "ஸ்பீக்கர்ல போடுங்க. மேனேஜரும் பக்கத்துலதான் இருக்காரு. அந்த ஏழாம் கிடங்குக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமாம். எனக்கும் ஒரு நன்றி சொல்லணும்."

வட்டம் ஸ்பீக்கரில் போட்டார். மணி ஒன்பது பத்து. வாசலைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வாசலில் யாரும் வரவில்லை. பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, கையில் வாளியும் ஈரத்துணியுமாக, துப்புரவு வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்தார். வட்டத்தின் தோள் உயரம்கூட இல்லை. திரையின் மேல் மூலை அவருக்கு எட்டியும் எட்டாமலும்தான் இருக்கும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."

வட்டம் தள்ளி நின்றார். "ஏம்மா, தினமும் ஒன்பது பத்துக்கு இந்த ஸ்க்ரீன்கிட்ட ஒருத்தர் வருவாராமே, அவரு இன்னும் வரலையா?"

"இதை யாரு சார் திரும்பிப் பார்க்கறாங்க? நான்தான் வர்றேன்" என்று அந்த அம்மா துணியைப் பிழிந்தார். "கொஞ்ச நாளா தினமும் இதுல அஞ்சு கறை புதுசு புதுசா வந்து உட்கார்ந்துக்குது சார், மஞ்சளா பளிச்சுன்னு ஆகிற வரைக்கும் அழுத்தித் தேய்ச்சாத்தான் போகுது, இப்போ என்னடான்னா தேய்க்கத் தேய்க்க நடுவுல ஒரு பெட்டி வேற வந்து நிக்குது, அதையும் சேர்த்துத் துடைச்சுத்தான் அனுப்பறேன்!"