சீட்டு இல்லாத வண்டி

பிக்கப் வேனிலிருந்து வண்டியை இறக்கியதும் புவனா முதலில் தேடியது சீட்டைத்தான். ரெண்டு லிட்டர்கூடக் கொள்ளாத ஒரு பெட்ரோல் டேங்க், அதற்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போய் மட்கார்டில் முடிகிற வெறும் தகடு. உட்காருகிற இடமே இல்லை.

"ஏனுங்க, சீட்டு வேன்லயே கிடக்குதா பாருங்க."

"இவ்வளவுதானுங்க அக்கா, ஏத்திவிட்டாங்க," என்றார் டிரைவர்.

புவனா காரமடையில் பதினாறு வருஷமாக டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவள். ஒரு டூப்ளிகேட் வாஷர்கூட அவள் கடையில் விலை போனதில்லை. அப்படிப்பட்டவள் சீட்டில்லாத வண்டிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவதா? சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் லோகப்பிரியாவுக்கு உடனே போன் போட்டாள். வண்டியைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். செல்லில் நாலைந்து படங்களைக் காட்டியபோது புவனா பெரிய வண்டி ஒன்றைத்தான் கை காட்டினாள். "மலையேறறதுக்குக் குதிரை எதுக்குங்கம்மா, ஆடு போதும்" என்று சொல்லி, எழுபது கிலோவுக்குள் இருக்கும் இந்த நோஞ்சானைப் பெங்களூரிலிருந்து பழையதாக வரவழைத்தாள் மகள்.

"கண்ணு, உன்ற ஆட்டுக்கு முதுகே இல்லையே!"

"அது ட்ரையல்ஸ் வண்டிங்கம்மா. நின்னுட்டேதான் ஓட்டோணும். பாறை மேல ஏறி எறங்கறப்ப கால் தரையில படக்கூடாது. ஒருக்கா ஊனினா ஒரு மார்க்கு. வேகமெல்லாம் கணக்கே இல்ல. மார்க்கு கம்மியா வாங்கறவங்கதான் ஜெயிப்பாங்க."

"மார்க்கு கம்மியா வாங்கினா ஜெயிப்பா? உனக்குன்னே வெச்ச போட்டிதான்."

"சிரிக்காதீங்க. அடுத்த மாசம் அன்னூருக்கு அந்தப்பக்கம் போட்டி. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை. நீங்கதான் செட்டிங் பண்ணி, ஓட்டிப் பார்த்துத் தரோணும். உங்களுக்குத் தெரியாத வண்டியா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் புவனா விழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே கடையிலிருந்த மொபெட் சீட் ஒன்றைக் கொண்டுவந்து, தாங்கி வைத்து மாட்டினாள். நின்றுகொண்டே ஓட்டினால் பிள்ளைக்கு இடுப்பு என்னத்துக்காகும்? வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். அதைத் தாண்டி ஒன்றுக்கும் உதவாத பாறைக்காடு. முதல் பாறையில் முன்சக்கரம் ஏறியதும் அவள் முழங்காலை மடக்கினாள். மடக்கிய இடத்தில் சீட் இருந்தது. அது அவளைப் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து வாழை வாய்க்காலில் போய் விழுந்தாள்.

மண்வெட்டியோடு நின்றிருந்த கணவன் நஞ்சுண்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்புள்ள, வாழைக்குத் தண்ணி நான் கட்டிக்கறேன். நீ எதுக்கு உள்ள எறங்கறே?"

சீட் கழன்றது. அடுத்த நாள் டயர் கண்ணில் பட்டது. பெருவிரலால் அமுக்கினால் பரோட்டா மாவுபோலக் குழிந்தது. இப்படியா ஒருத்தன் வண்டியை விற்பான் என்று திட்டிக்கொண்டே ரெண்டிலும் முப்பது பவுண்டு காற்றடித்தாள். பாறையில் இடித்த வண்டி ரப்பர் பந்தாக எகிறி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்குள் முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எருமை தலையைத் தூக்கி, அவளையும் வண்டியையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"அம்மா! முன்னால ஆறு பவுண்டு, பின்னால நாலு. அவ்வளவுதான் காத்து!" என்று போனில் அலறினாள் மகள்.

"அது காத்தே இல்ல கண்ணு. மூச்சு."

மூன்றாவதாக, வண்டிக்கு வேகம் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டினாள். அதன்பிறகு மெதுவாகப் போவதென்பதே வண்டிக்கு மறந்துபோனது. கிளச்சை விட்டதுதான் தாமதம், முற்றத்தைக் கடந்து, துணி காயும் கொடியையும் அறுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் பாய்ந்தது. நஞ்சுண்டனின் கரை வேட்டி ஹேண்டில்பாரில் சுற்றிப் படபடத்தது.

"நல்லா இருக்குது போ. பார்க்கறவங்க நீ ஓட்டுக் கேக்கப் போறேன்னு நினைச்சுக்குவாங்க."

மொபெட் சீட், முப்பது பவுண்டு, சின்னப் பல்சக்கரம். மூன்றும் போன பிறகு வண்டி வேனிலிருந்து இறங்கியபோது இருந்தபடியே நின்றது. புவனா அதன் எதிரில் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருஷத்தில் இப்படியொரு வண்டியை அவள் பார்த்ததில்லை. இதில் தேவையில்லாத ஒரு நட்டுக்கூட இல்லை. யாரோ ஒருவன் வண்டி என்றால் என்னவென்று யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, இதற்கு மேல் கழற்றினால் வண்டியே இல்லை என்கிற இடத்தில் கையை எடுத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு திருத்துவதை நிறுத்திவிட்டு மகள் சொன்னதை மட்டும் செய்தாள். பிரேக்கும் கிளச்சும் ஒற்றை விரலுக்கு அகப்படும்படி லீவர்களைத் தாழ்த்தினாள். ஹேண்டில்பாரை ஒன்றரை அங்குலம் உயர்த்தினாள்.

"இது உனக்கு ஒசக்க இருக்குமே கண்ணு? நீ என்ற தோளுக்குத்தானே வருவே?"

"உங்களுக்கு வாட்டமா இருக்குதுங்களா?"

"எனக்கு அளவெடுத்தாப்ல இருக்குது."

"அப்ப சரிதானுங்க. விட்டுடுங்க."

மூன்றாவது வாரம், வெயில் தாழ்ந்த நேரம். இடுப்பளவுப் பாறை ஒன்று. புவனா அதை நோக்கி நடக்கிற வேகத்தில் போனாள். ஒற்றை விரலால் கிளச்சை மெல்ல விட்டாள். காற்றில்லாத டயர் மாட்டின் நாக்குபோல வளைந்து பாறையைப் பற்றியது. இஞ்சின் முனகியது; உறுமவில்லை. முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரமும் சாவகாசமாக ஏறியது. உச்சியில் வண்டி நின்றது. அவளும் நின்றாள், கால் ஊன்றாமல். முன்னும் போகவில்லை, சாயவும் இல்லை. கீழே வாழை இலைகள். தூரத்தில் நீலமாக மலை. நாற்பத்து நாலு வயதில் இந்த உடம்புக்கு இப்படி நிற்கத் தெரியும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் மூச்சு விடவில்லை. விட்டால் உடைந்துவிடும் போலிருந்தது.

இறங்கி வந்தபோது வரப்பில் நஞ்சுண்டன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

"ஏனுங்க, தண்ணி வரப்பு தாண்டிப் போகுதுங்க!"

"போனாப் போகட்டும். இன்னொருக்கா பண்ணு புள்ள," என்றார்.

போட்டியன்று காலை, கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கூட்டம் கூடியிருந்தது. புவனா வண்டியோடு வந்துவிட்டாள். மகளைக் காணோம். செல்லில் மகள் அனுப்பியிருந்த பதிவு எண்ணைக் காட்டியதும் பதினேழு என்று எழுதிய துணியைக் கொடுத்தார்கள். பதினாலாம் நம்பரை மைக்கில் கூப்பிட்டபோது மகளின் போன் வந்தது.

"அம்மா, கோவில்பாளையத்துக்கிட்ட லாரி ஒண்ணு சாஞ்சு ரோடே அடைச்சுப்போச்சு. முதல் ரவுண்டு ஓட்டலீன்னா பேரை எடுத்துப்போடுவாங்க. நீங்களே ஓட்டிருங்க."

"அது ஆள்மாறாட்டம் சாமி! போலீஸ் கேசு!"

"ஹெல்மெட் போட்டா யாருக்குங்கம்மா தெரியும்? ஒரு மாசப் பாடு வீணாப் போயிருமுங்க."

போனுக்குள்ளும் "நம்பர் பதினஞ்சு" என்று கேட்டது போலிருந்தது. பயத்தில் காது ரெண்டாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெல்மெட்டை மாட்டினாள். பதினாறு வருஷம் டூப்ளிகேட் விற்காதவள், இன்றைக்குத் தானே டூப்ளிகேட்டாக நிற்கிறாள். "நம்பர் பதினேழு" என்றது மைக்.

ரிப்பன் கட்டிய பாதை. முதலில் உருளைக் கற்கள், பிறகு தேங்கிய தண்ணீர், கடைசியில் மார்பளவு உயரத்துக்குப் படிபோல வெட்டிய பாறை. கற்களில் ஏறியதும் பயம் மறந்துபோனது. தண்ணீரில் சக்கரம் முழுகி எழுந்தது. பாறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஒரு கணம் அசையாமல் நின்றாள். கூட்டத்தில் யாரோ "யப்பா!" என்றார்கள். பிறகு குவாரியே அடங்கிப்போனது. ஒற்றை விரல். இஞ்சினின் ஒரு முனகல். முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. அடுத்த கணம் அவள் உச்சியில் இருந்தாள்.

மார்க்குப் போடும் பெண், மெர்சி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், கையை மடக்கி உயர்த்திக் காட்டினாள். பூஜ்யம். ஒரு தடவைகூடக் கால் படவில்லை. விசில் சத்தத்தில் குவாரியின் புறாக்கள் கலைந்து பறந்தன.

புவனாவால் அதைத் தாங்க முடியவில்லை. வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு மெர்சியிடம் போய், ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மணி, அந்த மார்க்கை அடிச்சுப்போடுங்க. நான் லோகப்பிரியா இல்லீங்க. அவளோட அம்மா. பேரு புவனா. புள்ளை மேல ஒரு தப்பும் இல்லீங்க, என்ன தண்டனையானாலும் எனக்கே குடுத்துருங்க."

மெர்சி கையிலிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

"லோகப்பிரியான்னு இதுல யாருமே இல்லீங்களே அக்கா. பதினேழாம் நம்பருக்குப் போன மாசமே குடுத்த பேரு புவனாதானுங்க."