எதிர்வரிசைக்குப் போன நோயாளிகள்

சங்கத்தின் இலவச மருத்துவமனையில் டாக்டர் பத்திரிகையை முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தபோது, மானேஜர் சியா வாசலை எட்டிப் பார்த்தார். பெஞ்சில் ஈ, காக்கை இல்லை.

எதிரே, புத்தர் கோயில்காரர்கள் புதிதாகத் திறந்திருந்த இலவச மருந்தகத்தில் ஜேஜே என்று கூட்டம்.

"ஆண்டுக் கூட்டத்துக்குள்ள பெஞ்சு நிரம்பலேன்னா இழுத்து மூடிடுவேன். இடத்தை மாஜோங் சூதாட்டத்துக்கு விட்டுடலாம்" என்று சங்கத் தலைவர் டத்தோ சொல்லிவிட்டிருந்தார்.

சியாவுக்கு இதை விட்டால் வேறு உலகம் கிடையாது. அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்பே பினாங்கின் பாதிக் கிழடுகள் வாசலில் நிற்கும். பால் டின்னில் கயிறு கட்டித் தொங்கவிட்ட காப்பியோடு உள்ளே வந்து, யாருக்கு ரத்தக்கொதிப்பு அதிகம் என்று சண்டை பிடிக்கும். டெட்டால் வாசனையும் கோடாலித் தைல வாசனையும் கலந்து வீசும். "சத்தம் போடாதீங்க!" என்று கத்தியே சியாவின் தொண்டை கட்டிப்போகும். இப்போது கத்துவதற்கு ஆள் இல்லாமல் தொண்டை சுத்தமாக இருந்தது.

டத்தோ தன் மருமகனை அனுப்பினார். மெல்பர்னில் வியாபார நிர்வாகம் படித்தவன். பெயர் ஸ்டீவன். அந்த வெயிலிலும் கோட்டு.

"மிஸ்டர் சியா, நம்ம போட்டியாளரோட பலவீனம் என்ன?"

"யாருங்க போட்டியாளர்?"

"எதிர்ல இருக்கிற பிக்கு!"

"அவரு நம்ம டாக்டர்கிட்டதாங்க பல் வலிக்கு மாத்திரை வாங்கிட்டுப் போவாரு."

"உளவு பார்க்கத்தான் வந்திருப்பார்" என்றான் ஸ்டீவன். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்வரிசையை நோட்டம் விட்டுத் திரும்பினான். "ஒழுகுற கூரை, உடைஞ்ச ஸ்டூல். நாம தரத்துல அடிக்கணும்."

பெஞ்சுகள் போய் மெத்தை நாற்காலிகள் வந்தன. எப்போதாவது வந்துகொண்டிருந்த ஓரிருவரும் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுத் தெருவைக் கடந்தார்கள்.

"இன்னும் உயரணும்" என்றான் ஸ்டீவன்.

ஏர்கண்டிஷன் வந்தது. தங்கமீன் தொட்டி வந்தது. அன்று வந்தவர் ஒருவர்தான்; அவரும் மீனுக்குத் தீனி போட்டுவிட்டுப் போனார்.

"தம்பி, பழைய பெஞ்சையாவது திரும்பப் போடலாமே" என்று சியா கெஞ்சினார்.

"பின்வாங்கறதா? போட்டி வியூகத்துல அந்தப் பேச்சே கிடையாது!"

கடைசி அஸ்திரமாக, மின்விளக்கு எரியும் பெயர்ப்பலகை. சிங்க நடனத்தோடு டத்தோ திறந்து வைத்தார். "லாப நோக்கமற்ற சேவையில் நாமே முதலிடம்!" என்று முழங்கினார். தெருவே கைதட்டியது, எதிர் மருந்தகத்தின் வரிசையில் நின்றபடி.

மறுநாள் காலையில் கதவு திறந்தது. சியா துள்ளி எழுந்தார். கியோக் லான் அக்கா! சௌராஸ்தா சந்தையில் மீன் விற்று ஓய்ந்தவள். ரத்தக்கொதிப்புச் சண்டையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"வாங்கக்கா, வாங்க! டாக்டர் சும்மாத்தான் இருக்காரு!"

"அட, குடையை விட்டுட்டுப் போயிட்டேன் தம்பி. எடுத்துக்கிட்டு ஓடணும். அங்க என் நம்பர் போயிடும்."

சியா குடையை எடுத்துக் கொடுத்தார். "ஏங்கக்கா, எங்க மருந்துல என்ன குறை? வெளிப்படையாச் சொல்லுங்க. இந்த மாசத்தோட மூடிடுவாங்க போலிருக்கு."

"மருந்தா? அந்த ரோஸ் தண்ணியை யாரு குடிச்சா? ரோஜாச் செடிக்கு ஊத்தினேன், செடி பட்டுப்போச்சு."

"அப்ப உங்க ரத்தக்கொதிப்பு?"

"எனக்கேது ரத்தக்கொதிப்பு! எங்க கூட்டத்துல யாருக்குமே ஒண்ணும் கிடையாது. பெஞ்சு காலியாக் கிடந்தா உன் வேலை போயிடுமேன்னுதான் இத்தனை வருஷமா மாத்தி மாத்தி வந்து உட்கார்ந்தோம்."

 

கியோக் லான் மீன் தொட்டியையும் மெத்தை நாற்காலிகளையும் பெருமையோடு ஒருமுறை பார்த்தாள். சியாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"பிக்கு பாவம், ஒழுகுற கூரைக்குக் கீழ ஆளில்லாம உட்கார்ந்திருந்தாரேன்னு கொஞ்ச நாளைக்குத்தான் அங்க போனோம். இப்ப உனக்குத்தான் நல்ல காலம் பொறந்துடுச்சே தம்பி! தர்மம்னா இல்லாதவங்களுக்குத்தானே பண்ணணும்?"